இடது கை கெரிக், வலது கை கூப்பர்: 1942-ன் ஒரு பேஸ்பால் படம் எடுக்கப்பட்ட விதம்

லூ கெரிக் இடது கைக்காரர். மட்டை பிடிப்பதும் இடது பக்கம், பந்து எறிவதும் இடது கை. நியூயார்க் யாங்கீஸ் என்ற பேஸ்பால் அணிக்காக முதல் பேஸில், அதாவது அடித்தவர் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடத்தில், நின்று ஆடியவர். 1925 ஜூன் தொடங்கி 1939 ஏப்ரல் முடிய, ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து 2,130 ஆட்டங்களில் இறங்கினார். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் அவரை மைதானத்திலிருந்து வெளியேற்றியது. 1941 ஜூன் 2 அன்று இறந்தார். அவர் கதையைச் சொல்லும் 'தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்' 1942 ஜூலையிலேயே திரைக்கு வந்துவிட்டது. தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின், இயக்குநர் சாம் வுட்.

கெரிக்காக நடித்தவர் கேரி கூப்பர். வலது கைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். மொன்டானாவில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் சில வருடங்கள் இங்கிலாந்தில் படித்தவர். குதிரை ஏறத் தெரியும், பேஸ்பால் தெரியாது. இளம் வயதில் ஒரு கார் விபத்தில் இடுப்பில் அடிபட்டிருந்தது. படம் பார்க்க வரப்போகும் கூட்டமோ, கெரிக் மட்டையை எப்படிச் சுழற்றுவார், எப்படி ஓடுவார் என்பதை நேரிலும் செய்திப் படங்களிலும் பார்த்துப் பழகிய கூட்டம். அவர் ஆட்டத்தை நிறுத்தி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இப்படி ஒருவரை வைத்து ஓர் இடது கை ஆட்டக்காரரை எப்படிப் படமாக்கினார்கள்? இந்த ஆய்வின் கேள்வி அதுதான்.

இதற்குப் பல காலம் சொல்லப்பட்டு வந்த பதில் ஒன்று இருக்கிறது. கூப்பர் வலது பக்கமே நின்று அடித்தார். அடித்துவிட்டு முதல் பேஸுக்குப் பதிலாக மூன்றாம் பேஸை நோக்கி ஓடினார். சட்டையில் இருந்த எழுத்துகளையும் எண்களையும் இடவலம் மாற்றித் தைத்திருந்தார்கள். பிறகு லேபில் பிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்தார்கள், திரையில் கூப்பர் இடது கைக்காரராகத் தெரிந்தார். பேஸ்பால் புத்தகங்களிலும் சினிமாத் துணுக்குகளிலும் இந்தக் கதை திரும்பத் திரும்ப வந்தது. நல்ல கதை. ஒரே தந்திரத்தில் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஓர் உதவி இயக்குநரின் இடத்தில் உட்கார்ந்து மறுநாள் படப்பிடிப்புக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதத் தொடங்கினால், கதை ஆட்டம் காண ஆரம்பிக்கும்.

கண்ணாடியில் ஓர் ஆட்டம்

பிலிமைத் திருப்புவது தொழில்நுட்பமாகக் கஷ்டமில்லை. நெகட்டிவின் எந்தப் பக்கம் பிரதி எடுக்கும் பிலிமைப் பார்த்து இருக்கிறதோ அதை மாற்றிப் போட்டால் போதும், படம் இடவலம் மாறிவிடும். 1942-ல் எந்த லேபிலும் இதைச் செய்திருக்க முடியும். பிரச்சினை, அந்த ஃப்ரேமுக்குள் கூப்பரோடு சேர்ந்து வேறு யார், வேறு எது இருக்கிறது என்பது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடாது. கிரிக்கெட்டில் இரண்டு விக்கெட்டுகளுக்கு நடுவே ஒரே நேர்கோட்டில் ஓட்டம். காட்சியைக் கண்ணாடியில் பார்த்தாலும் ஆட்டம் ஆட்டமாகவே இருக்கும். பேஸ்பால் மைதானத்துக்கு இடம் வலம் உண்டு. அடித்தவர் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைச் சுற்றி, அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். ஓட்டம் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில். அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் முதல் பேஸ் வலது பக்கம், மூன்றாம் பேஸ் இடது பக்கம். எந்த ஆட்டக்காரர் எந்தக் கையில் கிளவுஸ் மாட்டுகிறார் என்பதும் பெரும்பாலும் இதை வைத்தே அமைகிறது. அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர்கள் அநேகமாக எல்லாரும் வலது கையால் எறிபவர்கள், கிளவுஸ் இடது கையில். இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், அவை இரண்டுக்கும் நடுவே உள்ள ஷார்ட்ஸ்டாப் இடங்களில் நிற்பவர்களும் அப்படியே. முதல் பேஸ்காரர் மட்டும் இடது கைக்காரராக இருப்பது வசதி.

ஆக, கூப்பர் வலது பக்கம் நின்று அடிப்பதைத் திருப்பிப் போட வேண்டுமென்றால், அவர் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் வலது கையில் கிளவுஸ் மாட்டியிருக்க வேண்டும். கதையில் பந்து வீசுபவர் வலது கைக்காரர் என்றால், படப்பிடிப்பில் ஓர் இடது கை பிட்சரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பின்னணியில் தெரியும் ஒவ்வொருவருக்கும் எழுத்து மாறிய சட்டை வேண்டும். அம்பயரின் கோட்டுப் பொத்தான்கூட மறு பக்கம் இருக்க வேண்டும். வேலியில் விளம்பரம் இருக்கக் கூடாது, ஸ்கோர் பலகை கண்ணில் படக் கூடாது.

போதாக்குறைக்கு, இந்தப் படத்தில் கெரிக்கின் யாங்கீஸ் சக ஆட்டக்காரர் பேப் ரூத் தன்னுடைய பாத்திரத்தில் தானே நடித்திருக்கிறார். அன்றைக்கு அமெரிக்காவே அறிந்த இடது கைக்காரர் அவர். திருப்பிய ஷாட்டில் அவர் ஓரமாக நின்று மட்டையை லேசாக ஆட்டினாலே போச்சு, வலது கை ரூத் ஆகிவிடுவார். யாங்கீஸின் நிஜ கேட்சர் பில் டிக்கியும் படத்தில் இருக்கிறார். இடது பக்கம் நின்று அடித்து வலது கையால் எறிந்தவர் அவர். அவரைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் நின்று அடித்து, கேட்சர்கள் அநேகமாக எறியாத கையால் எறிவார். நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து நம்பகத்தன்மை சேர்த்துவிட்டு, அதே ஷாட்டைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்ற எந்தத் தயாரிப்பாளரும் காசு செலவழிக்க மாட்டார்.

மைதானத்தின் வடிவமும் ஒரு சாட்சிதான். அன்றைய யாங்கீ ஸ்டேடியத்தில் வலது கோட்டின் ஓரம் வேலி 300 அடிக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. இடது நடுப் பகுதியோ மிக ஆழம். நியூயார்க்கில் இரண்டு ஆட்டம் பார்த்தவருக்குக்கூட இது தெரியும். திருப்பிய படத்தில் அந்த வேலி இடம் மாறி நிற்கும்.

உண்மையில் திருப்பியது எவ்வளவு

2013-ல் இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை வந்தது. கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் தேசிய பேஸ்பால் புகழ் மன்றத்தின் மூத்த காப்பாட்சியர் டாம் ஷீபர் படத்தை நுணுக்கமாக ஆராய்ந்தார். அவர் கண்டது: கூப்பர் இடது பக்கம் நின்று அடிக்கக் கற்றுக்கொண்டு அப்படியே அடித்திருக்கிறார். எழுத்து மாறிய யாங்கீஸ் சட்டையை அவர் போடவே இல்லை. படத்தில் திருப்பிப் போடப்பட்டது, கெரிக் ஹார்ட்ஃபோர்டில், பெரிய லீக்குக்குக் கீழே உள்ள சிறிய லீக்கில் ஆடிய நாட்களைக் காட்டும் ஒரு சின்னத் துண்டு மட்டுமே. அந்தத் துண்டில் கெரிக் பந்தை எறிய வேண்டியிருக்கிறது.

என் பார்வையில் இந்த வழக்கின் சாவி அந்தக் கடைசி வரிதான். எறிதல் மட்டும் ஏன்?

ஓர் ஆட்டக்காரராக நடிக்க உடம்பு செய்ய வேண்டிய வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். மட்டை வீசுவது இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலை. இடுப்பும் தோளும் சுழல்வதைப் பழக்கிவிடலாம். வலது கைக்காரர் இடது பக்கம் நிற்கும்போது அவருடைய பலமான கை மட்டையின் அடிப்பக்கம் வந்து வழிகாட்டும் கையாகிவிடுகிறது, அது ஒரு வசதியும்கூட. வலது கையால் பந்து வீசி இடது பக்கம் மட்டை பிடிப்பவர்கள் கிரிக்கெட்டிலும் ஏராளம், பேஸ்பாலிலும் ஏராளம். அப்புறம், பந்து பிடிப்பது. இடது கையால் எறிபவர் கிளவுஸை வலது கையில் மாட்டுவார். கூப்பருக்கு அது பழகிய கை. முதல் பேஸில் நின்று, மற்றவர்கள் எறியும் பந்தைக் கால் நீட்டிப் பிடிப்பதுதான் கெரிக்கின் முக்கால்வாசி வேலை. அதுவும் கூப்பருக்குச் சாதகம்.

எறிதல் அப்படியில்லை. ஒற்றைக் கை வேலை, சிறு வயதில் படிந்துவிடும் வேலை. தோள் பின்னால் போய், முழங்கை முன்னால் வந்து, மணிக்கட்டு கடைசியாகச் சொடுக்கும் வரிசையை வளர்ந்த பிறகு மறு கைக்குக் கற்றுக்கொடுப்பது ரொம்பக் கடினம். சந்தேகம் இருந்தால் இப்போதே பழக்கமில்லாத கையால் ஒரு கல்லை எறிந்து பாருங்கள். கை முன்னால் போகும், உடம்பு பின்னால் நிற்கும். கேமரா இதை மன்னிக்காது. ஆட்டம் தெரியாத பார்வையாளருக்கும் 'இவர் ஆட்டக்காரர் இல்லை' என்று ஒரு நொடியில் புரிந்துவிடும்.

கூப்பருக்குப் பயிற்சி கொடுத்தவர் லெஃப்டி ஓ'டூல். இடது கைக்காரர், 1929-லும் 1932-லும், பெரிய லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில், மட்டை அடிக்கும் சராசரியில் முதலிடம் பிடித்தவர். ஆள் தேர்வு மிகச் சரி. இடது பக்கம் நின்று அடிப்பதை உடம்பால் அறிந்த ஒருவர்தான் அதை இன்னோர் உடம்புக்கு மாற்ற முடியும். ஓ'டூலே சொல்லிக்கொடுத்தும் எறிதலுக்குத் திருப்பிய பிலிம்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது. எதைப் பயிற்சியால் தீர்ப்பது, எதை டூப்பால் தீர்ப்பது, எதை லேபில் தீர்ப்பது என்று வேலைக்கு வேலை தனியாக முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதை இதிலிருந்து படிக்கலாம். ஒரே தந்திரத்தை நம்பியிருந்தால் படம் நாறிப்போயிருக்கும்.

தூரத்து ஷாட்டுகளுக்கு டூப் போட்டவர் பேப் ஹெர்மன். அவர் பெரிய லீக்கில் ஆடியவர், அடிப்பதும் எறிவதும் இடது. முகம் தெரியாத தூரத்தில் உடம்பு நிஜ ஆட்டக்காரருடையது, முகம் தெரியும் கிட்டத்தில் கூப்பருடையது. யாங்கீ ஸ்டேடியக் காட்சிகளில் பலவற்றை லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் எடுத்தார்கள். ஸ்டுடியோவிலிருந்து போய்வர வசதியான இடம்.

பந்து எங்கே போச்சு

முகத்தையும் உடம்பையும் இப்படிப் பிரித்து ஒட்ட முடிவதற்கு ஒரு காரணம் பேஸ்பாலின் வேகம். பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். கை முன்னால் நீண்டு பந்தை விடுவதால் அது பறக்கும் தூரம் ஏறக்குறைய 55 அடி. மணிக்கு 90 மைல் வேகம் என்றால் நொடிக்கு 132 அடி, அதாவது 0.4 நொடியில் வந்து சேரும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் கேமராவில் இது பத்து ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து ஐந்தரை அடி நகர்ந்துவிடும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அதில் பாதி என்றால், மூன்று அங்குல அகலம்கூட இல்லாத பந்து இரண்டே முக்கால் அடி நீள வெள்ளைக் கோடாகப் பதியும். மேகமூட்டமான வானமோ கூட்டத்தின் சட்டைகளோ பின்னணியில் இருந்தால் அதுவும் தெரியாது.

அதனால் பார்வையாளர் பந்தைப் பார்ப்பதில்லை. பிட்சரின் கை முடியும் விதம், அடிப்பவரின் முன்கால் இறங்கும் தருணம், மட்டைச் சத்தம், பிறகு எல்லார் தலையும் திரும்பும் திசை, இவற்றை வைத்துப் பந்து எங்கே போனது என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். படம் எடுப்பவருக்கு இது வரப்பிரசாதம். வீசுவது ஒரு ஷாட், அடிப்பது ஒரு ஷாட், பந்து பிடிபடுவது ஒரு ஷாட் என்று உடைத்து, ஒவ்வொன்றையும் வேறு நாளில், வேறு ஆளை வைத்துக்கூட எடுக்கலாம். நடிகர் அடிக்கும் ஷாட்டில் பந்து பிட்சரிடமிருந்து வர வேண்டியதே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்து மெதுவாகத் தூக்கிப் போட்டால் போதும். உயரமாக வரும் பந்தைப் பிடிக்கும் குளோசப்பில், ஃப்ரேமுக்கு வெளியே ஏணியில் நிற்பவர் கையிலிருந்து பந்து விழும்.

உடைக்க உடைக்க வேலை சுலபமாகும், ஆனால் ஆட்டம் காணாமல் போகும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கட் என்றால், எதையோ மறைக்கிறார்கள் என்ற நினைப்பு பார்ப்பவருக்கு வந்துவிடும். அதனால்தான் நடுவே சில ஷாட்டுகளாவது நீளமாக, நடிகரின் முகமும் மட்டையும் ஒரே ஃப்ரேமில் இருக்கும்படி வேண்டும். கூப்பர் மட்டை வீசக் கற்றுக்கொண்டதன் பலன் அங்கே கிடைத்தது. நான்கு நல்ல ஷாட்டுகள் இருந்தால் எடிட்டர் நாற்பதை நம்பவைப்பார். இந்தப் படத்துக்குப் பதினொரு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. கிடைத்தது ஒன்றுதான், எடிட்டிங்குக்காக டேனியல் மாண்டெலுக்கு.

ஓட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடது பக்கம் நின்று அடிப்பவரின் உடம்பு சுழன்று முடியும்போது முதல் பேஸை நோக்கியே திரும்பி நிற்கும், முதல் அடியும் தானாக அங்கே விழும். வலது பக்கம் நின்று அடிப்பவர் சுழன்று முடித்து, நின்று, திரும்பி ஓட வேண்டும். அடித்துவிட்டு ஓடத் தொடங்கும் அந்த ஒன்றரை நொடியை வெட்டாமல் காட்டினால், இடது கைப் பயிற்சி நிஜமா என்று கண்டுபிடித்துவிடலாம். பழைய படங்களில் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

அதே சிக்கல், பிற்காலத்தில்

கெரிக் படத்தின் சிக்கல் அதோடு ஓயவில்லை. 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன் என்ற பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் இடது பக்கம் அடித்து வலது கையால் எறிந்தவர். 1988-ல் வந்த 'எய்ட் மென் அவுட்' படத்தில் அவராக நடித்த டி.பி.ஸ்வீனி இடது பக்கம் அடிக்கப் பழகிக்கொண்டார். அடுத்த வருடமே வந்த 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' படத்தில் அதே ஜாக்சனாக வந்த ரே லியோட்டா வலது பக்கம் அடித்து இடது கையால் எறிகிறார். இரண்டுமே தலைகீழ். பேஸ்பால் ரசிகர்கள் இன்றுவரை இதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு இது பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. அந்தப் படத்தில் ஜாக்சன் சோளக்காட்டிலிருந்து வரும் ஆவி. கையை மாற்றி, தட்டுத்தடுமாறி அடிக்கும் ஆவியைவிட, சொந்தக் கையால் அழகாக அடிக்கும் ஆவி மேல். ஸ்வீனியின் படமோ, பேஸ்பாலில் நிஜமாக நடந்த ஓர் ஆட்ட மோசடியை ஆவணம்போலச் சொல்வது. அங்கே கை மாறினால் மன்னிக்க முடியாது.

2011-ன் 'மணிபால்' கொஞ்சம் அதிர்ஷ்டமான வழக்கு. 2002 செப்டம்பர் 4 அன்று ஓக்லாந்து அணி கான்சாஸ் சிட்டிக்கு எதிராக 11-0 என்று முன்னிலையில் இருந்து, 11-11 வரை விட்டுக்கொடுத்து, கடைசியில் ஸ்காட் ஹாட்டிபெர்க் பந்தை வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னால் 12-11 என்று தொடர்ச்சியான இருபதாவது வெற்றியைப் பெற்றது. ஹாட்டிபெர்க்காக நடித்த கிறிஸ் பிராட் வலது கைக்காரர். ஹாட்டிபெர்க் இடது பக்கம் அடிப்பவர், ஆனால் வலது கையால் எறிபவர். ஆகவே பிராட் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது மட்டை பிடிப்பதை மட்டும்தான். முழங்கைக் காயத்தால் கேட்சர் வேலையை விட்டு முதல் பேஸுக்கு வந்த ஆளின் கதை என்பதால், அந்த இடத்தில் அவர் கொஞ்சம் தடுமாறினாலும் அது நடிப்பாகவே சேர்ந்துவிடும். சுற்றி நிற்பவர்களிலும் நிஜ ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பெரிய லீக்கில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிய ராய்ஸ் கிளேட்டன், மிகுவெல் தெஹாடாவாக வந்தார்.

பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனைப் பற்றிய '42' வந்தது 2013-ல். புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு 1960-லேயே இடிக்கப்பட்டுவிட்டதால், டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவில் உள்ள ஏங்கல் ஸ்டேடியத்தில் பச்சைத் திரைகளை நிறுத்தி எடுத்து, பழைய ஸ்டேடியத்தைக் கணினியில் சுற்றி எழுப்பினார்கள். இந்த வசதி வந்த பிறகு கண்ணாடிப் பிம்பத் தந்திரத்தின் பல தடைகள் விலகிவிட்டன. வேலியும் விளம்பரமும் ஸ்கோர் பலகையும் எப்படியும் பின்னால் சேர்க்கப்படுபவை. மார்பில் உள்ள எழுத்தையும் ஃப்ரேம் ஃப்ரேமாக மாற்றி எழுதலாம். பந்தையே பிறகு வரைந்து சேர்க்கலாம் என்பதால் நடிகரின் தலையை நோக்கி நிஜப் பந்து வர வேண்டிய அவசியமும் இல்லை.

இவ்வளவு இருந்தும் அந்தப் படத்தில் பிட்ஸ்பர்க் பிட்சர் ஃபிரிட்ஸ் ஆஸ்டர்முல்லர் வலது கையால் வீசுகிறார். நிஜத்தில் அவர் இடது கைக்காரர். மேட்டின் மேல் தனியாக நிற்கும் ஒரு பிட்சரின் ஷாட்டைத் திருப்புவது, கேட்சரும் அம்பயரும் சூழ நிற்கும் பேட்டரின் ஷாட்டைத் திருப்புவதைவிடப் பல மடங்கு எளிது. ஓர் இடது கை பிட்சரைத் தேடிப் பிடிப்பது அதைவிடவும் எளிது. கூப்பரின் படக்குழு ஹார்ட்ஃபோர்டு காட்சியின் ஒரே ஓர் எறிதலுக்காக மெனக்கெட்டது. இங்கே பந்து எறிவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அந்த மெனக்கெடல் நடக்கவில்லை.